பத்தொன்பது கிலோமீட்டர் பாக்கி

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை மனைவியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போய் பவேரியாவை முடித்துவிடுவது என்று ஜூலை மாதமே தீர்மானித்துவிட்டேன்.

முடிப்பது என்றதும் கலவரப்பட வேண்டாம். பவேரியா மாநிலத்தில் பயணிகள் ரயில் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஒரு தடவையாவது உட்கார்ந்து போயிருக்க வேண்டும் என்பது என் ஆசை. இருபத்தேழு வருஷமாக இதே வேலையாக இருக்கிறேன். போய்வந்த பாதையை, கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிற பெரிய வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் இழுத்துவிடுவேன். இப்போது தள்ளி நின்று பார்த்தால் அந்தப் படம் மூன்று நாள் தூங்காதவன் கண் மாதிரி இருக்கும். அவ்வளவு சிவப்பு.

ஒரே ஓர் இடம் மட்டும் வெள்ளை. மூல்ஹாம் சந்திப்பிலிருந்து கிர்ஷோட் வரை போகிற கிளைப்பாதை. பத்தொன்பது கிலோமீட்டர். நடுவில் ஹிண்டராவ் என்று ஒரு கிராமம்.

அது ஏன் பாக்கி என்று கேட்பீர்கள். ஹிண்டராவ் என் மாமியார் ஊர். மாமியார் இப்போது இல்லை. அவருடைய குரல் இருக்கிறது. அதை மூத்த மகள் அடல்ஹைட் வைத்திருக்கிறாள். அவள் வீடு ரயில் நிலையத்துக்கு நேர் எதிரே. சமையலறை ஜன்னலிலிருந்து பிளாட்பாரம் முழுக்கத் தெரியும். அவள் கண்ணில் பட்ட ஆண்பிள்ளை எவனும் சும்மா திரும்பியதில்லை. குறைந்தது ஒரு கோழிக்கூட்டையாவது செப்பனிட்டுவிட்டுத்தான் திரும்புவான். வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு, மனைவியின் காரில் போவேன். இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவேன்.

மனைவி பெயர் கெர்லிண்டே. லாண்ட்ஸ்ஹூட்டில் ஒரு தனியார் கம்பெனியில் பஸ் ஓட்டுகிறாள். வீட்டில் என்னை ஓட்டுகிறாள். எனக்கு பஸ் பிடிக்காது. தண்டவாளம் இல்லாமல் போகிற எதையும் வண்டி என்று நான் ஒத்துக்கொள்வதில்லை. இதைக் கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியிருந்தேன். அப்போது அவள் ரொட்டிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் தகராறு வரவில்லை.

இந்த வருஷம் ஓர் அவசரம் வந்தது. கிர்ஷோட் பாதையில் ஓடுகிற பழைய சிவப்பு டீசல் வண்டிகள் இரண்டும் அக்டோபரோடு ஓய்வு பெறுகின்றன என்று செய்தி வந்தது. ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கித் தலையை நீட்டக்கூடிய வண்டிகள். புது வண்டியில் ஜன்னல் திறக்காது. ஏசி இருக்கும். டீசல் வாசனை வராது. அதற்கு ஆஸ்பத்திரியில் போய் உட்காரலாம்.

ஆகவே பவேரியா நாள் டிக்கெட். வாங்கினால் மாநிலம் முழுக்க, ஒரு நாள் பூராவும், எந்த உள்ளூர் ரயிலிலும் ஏறலாம். அதிவேக வண்டியில் ஏறக்கூடாது. வார நாளில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும். சனி ஞாயிறில் விடியற்காலையிலிருந்தே செல்லும். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். போகிறவர்கள் பெயரை அதில் எழுத வேண்டும். இந்த வரியை எழுதும்போது இப்போதும் எனக்கு வயிறு லேசாக எரிகிறது.

ஏழு ரயில், ஆறு மாறுதல் என்று திட்டம் போட்டேன். ஓர் இடத்தில் மாறுவதற்கு நாலே நிமிஷம்தான். ஒன்றாம் பிளாட்பாரத்தில் இறங்கி, படியிறங்கி, படியேறி, ஐந்தாம் பிளாட்பாரம். ஆகஸ்டில் இதற்கென்றே ஒரு நாள் லீவு போட்டுப் போய் ஓடிப் பார்த்தேன். வெறுங்கையோடு இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடி. கையில் காபி இருந்தால் மூன்று நிமிஷம் பத்து விநாடி, ஒரு சட்டை.

நாலாவது ரயில்தான் கிர்ஷோட் ரயில். ஹிண்டராவில் ஒரு நிமிஷம் நிற்கும். வலது பக்கம் உட்கார்ந்து, தொப்பியை இறக்கிவிட்டு, செய்தித்தாளை விரித்துக்கொள்வது என்று முடிவு. அந்த ஒரு நிமிஷத்தை அடல்ஹைட்டுக்குத் தெரியாமல் கடந்துவிட்டால் பவேரியா என்னுடையது.

கீழ்வீட்டு ஓட்மாரிடம் மட்டும் சொன்னேன். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். என்னைப் போலவே ரயில் பைத்தியம். நான் அச்சடித்த அட்டவணையை நம்புகிறவன். தாமதம், ரத்து, பாதை வேலை போன்ற அறிவிப்புகளையெல்லாம் போனில் பார்த்து எனக்குச் சொல்வது ஓட்மாரின் இலாகா. பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் தவறியதில்லை.

மூன்று வாரம் இருக்கும்போது, சாப்பாட்டு மேஜையில் முதல் சிக்கல்.

"அக்டோபர் ரெண்டாவது சனிக்கிழமை எனக்கு டியூட்டி," என்றாள் கெர்லிண்டே, உருளைக்கிழங்கு உருண்டையைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தபடி.

"ஐயோ பாவம்."

"நான் பாவமில்ல. அடல்ஹைட்தான் பாவம். தோட்டத்துல ஆப்பிள் கொட்டிக் கெடக்கு. அத்தானுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம்தான் ஆச்சு, குனிய முடியாது. நான் போய்ப் பொறுக்கித் தர்றதா சொல்லியிருந்தேன். இப்ப நீதான் போகணும்."

"அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான்."

"அடடா. அன்னைக்கு எனக்கு ரேகன்ஸ்பர்க்ல வகுப்பாச்சே."

"என்ன வகுப்பு?"

நான் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பிரிவில் இருக்கிறேன். அதனால் பொய்க்கு ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

"புது மாதிரி மீட்டர் வருது. யாரும் போய்ப் பாக்க வேண்டாம், கணக்கு தானா ஆபீசுக்கு வந்துடுமாம். அதைப் பத்தி."

"சனிக்கிழமையா வகுப்பு?"

"ஏன், சனிக்கிழமை யாரும் தண்ணி குடிக்கறதில்லையா?"

"முழு நாளுமா?"

"பெரிய மீட்டர்."

அவள் ஒரு வாய் மென்று முடித்தாள். பிறகு, "சரி, போயிட்டு வா," என்றாள்.

இருபத்தேழு வருஷத்தில் என் மனைவி ஒரு 'சரி'யோடு நிறுத்தியதே இல்லை. அதற்குப் பின்னால் எப்போதும் ஏழெட்டுப் பெட்டி கோத்து வரும். அன்றைக்கு வெறும் இன்ஜின் மட்டும் வந்து நின்றது. எந்த ரயில்காரனுக்கும் அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பச்சை விளக்குதான் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு அவளும் கிளம்பினாள், நானும் கிளம்பினேன். அவள் கம்பெனி டையைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அந்த நல்ல கோட்டு வேண்டாம், கழட்டு."

"ஏன்?"

"மீட்டர்ங்கற. கிரீஸ் படும். பழைய ஜாக்கெட்டைப் போடு. ஷூவும் பழசு போடு, அந்தத் தடி பூட்ஸ்."

"வகுப்புக்கு பூட்ஸா?"

"தண்ணி கொட்டுச்சுன்னா?"

அன்பு என்று நினைத்தேன். பூட்ஸ் போட்டேன். அவள் கட்டிக்கொடுத்த ரொட்டியைப் பையில் வைத்தேன். மரியாதைக்காக, "உனக்கு இன்னைக்கு எந்த ரூட்?" என்று கேட்டேன்.

"கிராமத்துப் பக்கம்," என்றாள்.

முதல் மூன்று ரயிலும் எண்ணெய் போட்ட மாதிரி ஓடின. அந்த நாலு நிமிஷ மாறுதலை, தடி பூட்ஸோடு, இரண்டு நிமிஷம் நாற்பத்தெட்டு விநாடியில் முடித்தேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. எதிர் சீட்டில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பத்து ஐம்பத்தொன்றுக்கு மூல்ஹாமில் இறங்கினேன். பதினோரு மணிக்கு மூன்றாம் பிளாட்பாரத்தில் என் சிவப்பு வண்டி. போய்ப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் ஒரு காக்கை நின்றது. தண்டவாளத்தின் மேல் இரண்டு காக்கை. வண்டி வருகிற இடத்தில் காக்கை இவ்வளவு நிம்மதியாக நிற்காது.

தூணில், பத்து நாள் முந்தைய தேதி போட்டு, ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மூல்ஹாம் முதல் கிர்ஷோட் வரை பாதை வேலை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரயில் இல்லை. மாற்று பஸ் நிலையத்துக்கு முன்னால் புறப்படும். கீழே, படிக்கத் தெரியாதவர்களுக்காக, ஒரு பஸ் படம்.

ஓட்மாருக்குப் போன் போட்டேன்.

"ஓட்மார்! கிர்ஷோட் பாதையை மூடியிருக்காங்கப்பா!"

"அப்படியா?" என்றான். எழுதி வைத்துப் படிக்கிறவன் குரலில்.

"பத்து நாள் முன்னாடியே அறிவிச்சிருக்கான். நீ பாக்கலியா?"

"போன்ல சார்ஜ் இல்ல, வெண்டலீன்."

"பத்து நாளாவா?"

"ஆமா."

"அப்ப இப்ப எதுல பேசற?"

"ஹலோ, ஹலோ, சரியா கேக்கல," என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

வெளியே வந்தேன். திரும்பி லாண்ட்ஸ்ஹூட் போகவும் இரண்டு மணி நேரத்துக்கு ரயில் இல்லை. நிலையத்து வாசலில் ஒரு வெள்ளை பஸ் வந்து நின்றது. கதவு புஸ் என்று மூச்சுவிட்டுத் திறந்தது. சந்திப்பு என்று அந்த ஊருக்கு யார் பெயர் வைத்தார்களோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் சீட்டில் என் மனைவி இருந்தாள்.

"டிக்கெட்," என்றாள்.

"கெர்லிண்டே..."

"டியூட்டியில இருக்கேன். டிக்கெட்."

நீட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"வெண்டலீன் ஹாஸல்பெக். இந்தப் பேர்ல ஒருத்தர் இப்ப ரேகன்ஸ்பர்க்ல இருக்கணுமே?"

"வகுப்பு ரத்தாயிடுச்சு."

"எப்ப?"

"இப்பதான்."

"வாத்தியாருக்கு உடம்பு சரியில்லையோ?"

"ஆமா. ஜுரம்."

"பெரிய மீட்டர் பாத்தவருக்குப் பெரிய ஜுரமாத்தான் இருக்கும்."

எனக்குப் பின்னால் இரண்டு வயதான அம்மாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி, "ஏறுங்களேன் சார், குளிருது. புருஷன் பொண்டாட்டி சண்டையை உள்ள வெச்சுக்கலாம்," என்றாள். நாங்கள் கல்யாணம் ஆனவர்கள் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஏறி முதல் சீட்டில் உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்தது. கெர்லிண்டே மைக்கை எடுத்தாள்.

"பயணிகள் கவனத்துக்கு. ரயில் ஓடாததுக்கு வருத்தப்படறோம். ஆனா இன்னைக்கு ஒரு விசேஷம். இந்தப் பாதை பக்கமே வராம இருபத்தேழு வருஷமா தப்பிச்சுக்கிட்டு இருந்த ஒரு பயணி, இன்னைக்கு நம்ம கூட வர்றார். முதல் சீட்டு."

அந்த அம்மாக்கள் கைதட்டினார்கள். மைக்கை வைத்துவிட்டுச் சாதாரணக் குரலில், என்னைப் பார்க்காமல், பேசினாள்.

"சுவத்துல தினமும் பாக்கறேன், வெண்டலீன். பவேரியா பூரா செவப்பு. சிமெண்ட் ஆலை வாசல்ல முடியற ரயிலுக்குக்கூட ரெண்டு மணி நேரம் காத்திருந்து போயிருக்க. எங்க ஊர் மட்டும் வெள்ளை. வீட்டுக்கு வர்றவங்கல்லாம் கேக்கறாங்க, அங்க மட்டும் ஏன் விட்டிருக்குன்னு. நான் என்ன சொல்லட்டும்? அது நான் ஸ்கூலுக்குப் போன ரயில்."

சாலைக்குப் பக்கத்திலேயே தண்டவாளம் வந்துகொண்டிருந்தது. நல்ல வளைவு. ஓடைக்கு மேலே ஒரு சின்ன இரும்புப் பாலம். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

"பாதை மூடப்போறது உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"மாற்று பஸ் யார் ஓட்டறாங்கன்னு நினைச்ச? எங்க கம்பெனிக்கு ஒரு மாசம் முன்னாடியே தாள் வந்துடும்."

"டியூட்டி போட்டுட்டாங்கன்னு சொன்னியே?"

"கேட்டு வாங்கினேன்."

"நான் இன்னைக்கு வருவேன்னு?"

"உன் டேபிள்ல ஜூலையிலேருந்து ஒரு தாள் கெடக்கு. தலைப்பு 'ரகசியம்'னு போட்டிருந்த. பென்சிலால அடிக்கோடு வேற."

ஹிண்டராவில் பஸ் நின்றது. ரயில் நிலையம் வலது பக்கம். அடல்ஹைட் வீடு இடது பக்கம். அடல்ஹைட் நடுவில். இரண்டு கையிலும் இரண்டு பெரிய கூடை.

"வாங்க மாப்ளே! மீட்டர் க்ளாஸ் சீக்கிரமே விட்டுட்டாங்களா?"

"இல்ல அண்ணி, நான் கிர்ஷோட் வரைக்கும்..."

"இந்த பஸ் இங்கேயே முடியுது," என்றாள் கெர்லிண்டே. "கிர்ஷோட்டுக்கு வேற பஸ், அதோ நிக்குது. போறதுன்னா போ. ஆனா பஸ்ல போனா உன் படத்துல சேராதே? நீயே சொன்ன விதிதான்."

விதி நான் செய்ததுதான். தண்டவாளத்தில் போகாத கிலோமீட்டர் கிலோமீட்டரே இல்லை.

"அப்ப இந்த பஸ் எப்பத் திரும்பும்?"

"ரெண்டு மணி பத்து நிமிஷம் கழிச்சு."

"நான் உள்ளயே உக்காந்திருக்கேன். நீ ஓய்வெடு."

"ஓய்வு நேரத்துல பஸ்ஸைப் பூட்டணும். கம்பெனி விதி. உனக்குத்தான் விதின்னா பிடிக்குமே." சாவியை ஆட்டிக் காட்டினாள். "வெளியில குளிருது. சும்மா நிக்காத, உடம்பு சூடாகற மாதிரி ஏதாவது செய்."

அடல்ஹைட் கூடைகளை என் கையில் கொடுத்தாள். "பூட்ஸ் போட்டு வந்துட்டீங்களே, நல்லதாப் போச்சு," என்றாள்.

ஆப்பிள் பொறுக்குவது என்பது சுலபமான வேலை. ஒன்றைப் பொறுக்கினால் முடிந்துவிடும். அங்கே பதினாறு மரங்கள் இருந்தன. அடல்ஹைட்டின் கணவர் அலோய்ஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புது இடுப்பைத் தடவிக்கொண்டு, கைத்தடியால் வழிகாட்டினார்.

"அங்க ஒண்ணு. இல்ல, அந்த இலைக்கு அடியில. அதுல புழு, அதை விடுங்க. இதுல புழு இல்ல, எடுங்க. உங்க காலுக்குக் கீழ ஒண்ணு இருந்துச்சே. இருந்துச்சு, இப்ப இல்ல."

வீட்டு வாசல் பெஞ்சில் என் மனைவி டை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அக்காவோடு ப்ளம் கேக்கும் காபியும் சாப்பிட்டாள். இடையிடையே இருவரும் என் பக்கம் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு தடவை அடல்ஹைட் சிரிப்பை நிறுத்தித் தங்கையின் முதுகைத் தட்டிக்கொடுத்ததையும் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் பதினோரு மூட்டை. நிமிர்ந்தபோது என் முதுகில் மூல்ஹாம் கிளைப்பாதை பூராவும் வளைவு வளைவாகத் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் நாங்கள் இருவர் மட்டும். நடுப்பகல் வெயிலில் அந்த இரும்புப் பாலம் பளிச்சென்று இருந்தது. வகுப்பு பொய் என்பதை முதல் தடவையாக நானே வாயால் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

"நீ ஸ்கூலுக்குப் போனப்ப இதே வண்டிதானா?" என்று கேட்டேன்.

"இதே ரெண்டு வண்டிதான். ஜன்னலுக்கு வெளிய தலையை நீட்டி என் தொப்பி ஒண்ணு இந்த ஓடையில போச்சு. அம்மா அடி பின்னிட்டா."

இருபத்தேழு வருஷமாக ரயிலைப் பற்றி அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் ரயிலைப் பற்றிக் கேட்டது அன்றைக்குத்தான். கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. அந்த வெட்கத்தில்தான் வாயைக் கொடுத்தேன்.

"கெர்லிண்டே, இந்த மாசக் கடைசி சனிக்கிழமைதான் அந்த வண்டிக்குக் கடைசி ஓட்டம். அன்னைக்கு எல்லாரும் சேர்ந்தே போவோம். நீ, நான், அடல்ஹைட், அலோய்ஸ். ஒரே டிக்கெட். நான் வாங்கறேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்ப அஞ்சு பேருக்கே எடுத்துடு," என்றாள். "பின்னால எவனாவது வர்றேன்னா என்ன பண்றது?"

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் தேனிலவு மாதிரி இருந்தது. சாயங்காலம் இருவரும் மேஜையில் அட்டவணையை விரித்து உட்கார்ந்தோம். நல்ல நல்ல கேள்வியாகக் கேட்டாள். எந்தப் பக்கம் ஜன்னல் நன்றாக இருக்கும், எங்கே காபி கிடைக்கும், ஹிண்டராவில் அக்காவையும் அத்தானையும் ஏற்றிக்கொள்ள ஒரு நிமிஷம் போதுமா. அலோய்ஸுக்குப் படி ஏற எத்தனை விநாடி ஆகும் என்று போன் போட்டு அளந்து கேட்டாள். இருபத்திரண்டு. இப்படி ஒரு பெண்ணை பஸ்ஸுக்குப் பறிகொடுத்துவிட்டேனே என்று வருந்தினேன். டிக்கெட்டை வாங்கி, ஐந்து பேருக்கான கட்டங்களோடு, பெருமையாக அவள் கையில் கொடுத்தேன். "பேரெல்லாம் நீயே எழுது," என்றும் சொன்னேன். இதை யாரும் என்னைக் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்கவில்லை.

கடைசி சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, குளித்து, தலைவாரி, கேமராவோடு வந்து டிக்கெட்டைப் பார்த்தேன். கெர்லிண்டே. அடல்ஹைட். அலோய்ஸ். ஓட்மார். ஹெட்விக். ஹெட்விக் என்பது ஓட்மாரின் மனைவி.

"கெர்லிண்டே, இதுல என் பேர் இல்லியே?"

"அஞ்சுதானே எழுத முடியும்."

"அதான் கேக்கறேன், என் பேர்?"

"ஆப்பிள் பிழியற மில்லுல இன்னைக்குப் பதினொண்ணரைக்குத்தான் நமக்கு முறை. அதை விட்டா சீசன் முடிஞ்சுது. பதினோரு மூட்டையையும் யாராவது கொண்டு போகணுமே. டிரெய்லரைக் கார்ல மாட்டி வெச்சிருக்கேன்."

"நீதானே டிரைவர்!"

"திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும். சனிக்கிழமை லீவு."

"ஓட்மார் எதுக்கு?"

"அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். பாதை மூடற விஷயத்தை உன்கிட்ட சொல்லாம இருந்தா, கடைசி ஓட்டத்துல ஜன்னல் சீட்டுன்னு."

"சரி, ஹெட்விக் எதுக்கு?"

"அவளும்தான் மூணு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தா. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது."

எனக்கு ஏதோ இடித்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"இரு. ஓட்மாருக்கு எப்ப வாக்குக் குடுத்த?"

"செப்டம்பர் மாசம்."

"இந்த டிரிப்பை நான் கேட்டதே ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதானே? பஸ்ல?"

"ஆமா."

"அப்ப செப்டம்பர்லயே எப்படி..."

"நீ கேப்பேன்னு தெரியும்," என்றாள் கெர்லிண்டே, என் கேமராவை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு. கதவுக்கு வெளியே ஓட்மார் தொண்டையைக் கனைத்தான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. புதுத் தொப்பி போட்டிருந்தான்.

ஹிண்டராவுக்குக் காரிலே போனேன். பதினோரு மூட்டையையும் தனியாளாக ஏற்றினேன். அலோய்ஸ் பிளாட்பாரத்தில் கோட்டு சூட்டோடு நின்று கைத்தடியை நீட்டி, "அந்த மூட்டை சாயுது பாருங்க," என்றார். அங்கிருந்து மில்லுக்குப் போகிற சாலை ரயில் பாதையைக் குறுக்கே தாண்டுகிறது. நான் போய்ச் சேரவும், மணி அடித்து கேட் இறங்கவும் சரியாக இருந்தது.

காரை நிறுத்திவிட்டு வெளியே இறங்கி நின்றேன். வளைவைத் தாண்டி அது வந்தது. சிவப்பு. ஹாரன் நீளமாக அடித்தது. எல்லா ஜன்னலும் இறங்கியிருந்தன. ஒரு ஜன்னலில் அடல்ஹைட், "மாப்ளே, மூட்டை வாயை இறுக்கிக் கட்டினீங்களா?" என்று கத்தினாள். அடுத்த ஜன்னலில் என் மனைவி தலையை வெளியே நீட்டி, முடியெல்லாம் காற்றில் பறக்க, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டு போனாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். கோபப்படத்தான் நினைத்தேன், அதற்குள் வண்டி போய்விட்டது. கடைசி ஜன்னலில் ஓட்மார், என் கேமராவோடு.

அவன் எடுத்த படம் எங்கள் ரயில் ரசிகர் சங்கத்துப் பத்திரிகையின் நவம்பர் இதழில் அட்டைப்படமாக வந்திருக்கிறது; கீழே போட்டிருக்கிறார்கள்: "கடைசி ஓட்டத்தை வழியனுப்பும் உள்ளூர் ஆப்பிள் வியாபாரி."